மூன்று நாள் பழைய பக்கம்

பதினான்கு கல்லூரிகளிலும் அவளைக் குழாயம்மா என்றுதான் சொல்வார்கள். பல்கலைக்கழகக் கணினி மையத்தில் அவளுக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று இருந்தது, அறைக்கதவில் பலகைகூட இருந்தது. ஆனால் போன வருஷம் கல்லூரி முதல்வர்களைக் கூட்டி வைத்துப் புதுத் திட்டத்தை விளக்கச் சொன்னபோது, அவள் வாயில் தண்ணீர்க் குழாய்தான் வந்தது.

"வெளியுலகத்துலருந்து நமக்கு வர்றது ஒரே ஒரு குழாய். பதினாலு கல்லூரியும் அதுலதான் பிடிச்சாகணும். ஒரே வலைப்பக்கத்தை நூறு பேர் கேட்டா நூறு தடவை அது அந்தக் குழாய் வழியா வருது. அதுக்குப் பதிலா இங்க ஒரு பெரிய தொட்டி, நாலு ஊர்ல நாலு நடுத்தொட்டி, ஒவ்வொரு கல்லூரியிலயும் ஒரு சின்னத் தொட்டி. தொட்டின்னா வேற ஒண்ணுமில்ல, ஒரு சர்வர். ஒருத்தர் கேட்ட பக்கத்தை அது பிரதி எடுத்து வச்சுக்கும். அடுத்தவர் கேட்டா அங்கிருந்தே கொடுத்துடும். தன்கிட்ட இல்லன்னா மேல இருக்கற தொட்டியைக் கேட்கும்."

முதல்வர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் எழுந்து, "தொட்டியை எப்பக் கழுவுவீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

எட்டு மாதம் அலைந்து முடித்த வேலை அது. அவளும் வன்பொருள் பார்க்கும் ஒருவரும்தான் ஊர் ஊராகப் போனார்கள். எந்த இயந்திரம் நின்றாலும் "முதல்ல பிளக்கைப் பிடுங்கிப் போட்டுப் பாருங்க" என்று ஆரம்பிப்பவர் என்பதால் அவருக்கு பிளக் அண்ணன் என்று பெயர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சர்வரைப் போர்வையில் சுற்றி மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு போவார். மலைக் கல்லூரியின் சர்வர் மூன்றாம் மாடி லேபில், கால் ஆடும் மர மேசை மேல் உட்கார்ந்திருந்தது. அதன் முதுகுக்கு நேராக ஒரு மின்விசிறி. 'தயவுசெய்து இதை அணைக்காதீர்கள், இதில் துணி காயப்போடாதீர்கள்' என்று பிளக் அண்ணன் கைப்பட எழுதி ஒட்டியிருந்தார். இரண்டாவது வரி அனுபவத்தில் சேர்த்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தத் திங்கட்கிழமை வரை.

திங்கட்கிழமை காலை தேர்வுக் கால அட்டவணை வெளியானது. தேர்வு அலுவலகம் அந்த வருஷத்திலிருந்து சுற்றறிக்கையும் ஃபேக்ஸும் அனுப்புவதை நிறுத்தியிருந்தது. எல்லாம் வெப்சைட்டில்தான். அந்த வெப்சைட்டைத் தாங்கிக்கொண்டிருந்ததோ தேர்வு அலுவலகத்தின் மூலையில் கிடந்த ஒரு கிழட்டு இயந்திரம். தொட்டிகளில் பிரதி இருந்தாலும், ஒவ்வொரு தடவையும் அவை அந்தக் கிழட்டு இயந்திரத்திடம் "பக்கம் மாறியிருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தன. ஆயிரக்கணக்கில் கேள்வி. பதில் சொல்லிச் சொல்லியே அது பதினொரு மணிக்குப் படுத்துவிட்டது.

இயக்குநர் அவள் அறைக்கே வந்துவிட்டார். "பதினாலு முதல்வரும் ஃபோன்ல என் உயிரை எடுக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள சரியாகணும். எப்படின்னு எனக்குச் சொல்ல வேண்டாம்."

அவள் சரி பண்ணினாள். எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே ஒரு வரி எழுதினாள்: தேர்வுப் பக்கங்களை மூன்று நாள் வைத்துக்கொள், அதுவரை அசல் இயந்திரத்தை எதுவும் கேட்காதே. ஐந்து மணிக்கெல்லாம் எல்லாம் சரியாகிவிட்டது. கிழட்டு இயந்திரம் மூச்சுவிட்டது. நெரிசல் குறைந்ததும் நாளைக்கே அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, எந்தக் குறிப்பேட்டிலும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வேறு ஒரு கல்லூரியில் கேபிள் அறுந்தது. மறந்தே போனாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் அண்ணி ஃபோன் செய்தார்.

இரண்டு வருஷத்தில் அண்ணி அவளுக்குச் செய்த முதல் ஃபோன் அது. அம்மா இறந்த அன்று, கூட்டத்துக்கு நடுவில், "வேளாவேளைக்கு மருந்து கொடுத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று அவள் கேட்டுவிட்டாள். மூன்று வருஷம் அம்மாவைத் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்ட அண்ணியைப் பார்த்துக் கேட்டாள்.  அதற்கப்புறம் அவள் போனால் அண்ணி வா என்பார், கிளம்பினால் சரி என்பார், அவ்வளவுதான். மறு வருஷம் நாற்பத்திரண்டு வயதில், மலைக் கல்லூரியில் மருத்துவப் பரிசோதனைக்கூடப் படிப்பில் சேர்ந்துவிட்டார் என்பதைக்கூட அண்ணன் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

"வியாழக்கிழமை எனக்குச் செய்முறைத் தேர்வு," என்றார் அண்ணி. "உங்க பெரிய காம்பஸ்லதான்னு போட்டிருக்காம். இடம் கிடம் மாறுமா?"

"மாறினா வெப்சைட்ல வரும் அண்ணி. கல்லூரியில கேட்டுக்குங்க. அதுல என்ன இருக்கோ அதுதான் சரி."

"சரி," என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு அவள் வேலைக்கு வந்தாள். வரும் வழியில் வேதியியல் கட்டடத்துக்கு வெளியே இரண்டு பேர் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூரைக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் வெடித்து லேப் முழுக்க நனைந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தாள். கதவில் ஏதோ தாள் ஒட்டியிருந்தது. அவள் நின்று படிக்கவில்லை.

அடுத்த வாரம் மேலிடத்துக் குழு திட்டத்தைப் பார்வையிட வருகிறது. அதற்காகக் கணக்குகள் எடுக்க உட்கார்ந்தாள். எந்தத் தொட்டி எத்தனை பக்கத்தைத் தன் கையிருப்பிலிருந்தே கொடுத்தது? மலைக் கல்லூரிதான் முதலிடம். நூற்றுக்கு எழுபத்தொன்று. அவளுக்கு உச்சி குளிர்ந்தது. ரேடியோ இணைப்பில் தள்ளாடிக்கொண்டிருந்த கல்லூரி அது. அதிகம் கேட்கப்பட்ட பக்கம் எது என்று பார்த்தாள். செய்முறைத் தேர்வு நடக்கும் இடங்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு தடவை. அத்தனையும் கையிருப்பிலிருந்து. அசலை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஒரு தடவைகூட.

மவுஸ் மேல் அவள் சுட்டுவிரல் அப்படியே நின்றது. திங்கட்கிழமை எழுதிய வரி நினைவுக்கு வந்தது. பிறகு அந்த ஈரமான வாசல். கதவில் ஒட்டியிருந்த தாள்.

முதலில் அசல் வெப்சைட்டை நேராகத் திறந்தாள். 'இடமாற்றம்: வியாழன், வெள்ளி 11 மணி செய்முறைத் தேர்வுகள் ஏரிக் கல்லூரியில் நடைபெறும்.' புதன்கிழமை நண்பகல் போட்டது. அடுத்து மலைக் கல்லூரித் தொட்டியின் வழியாக அதே பக்கத்தைத் திறந்தாள். 'பெரிய வளாகம், வேதியியல் கட்டடம்.' திங்கட்கிழமைப் பக்கம், பளிச்சென்று, அசையாமல்.

 மற்ற கல்லூரிகளுக்கு அந்தத் தேர்வு வெள்ளிக்கிழமைதான். இன்றைக்கு இருப்பது மலைக் கல்லூரி ஒன்றுக்குத்தான். மலைக் கல்லூரி எண்ணைச் சுழற்றினாள்.  மூன்றாம் மாடியில் லேப் பொறுப்பாளர் எடுத்தார்.

"சார், உங்க பசங்க கிளம்பிட்டாங்களா?"

"ஏழரைக்கே கிளம்பியாச்சும்மா. காலேஜ் பஸ்லதான். பதினொரு மணிக்குத் தேர்வு, பத்தரைக்கெல்லாம் பெரிய காம்பஸ்ல இறங்கிடுவாங்க."

"தேர்வு இங்க இல்ல சார். ஏரிக் கல்லூரிக்கு மாத்திட்டாங்க."

"என்னம்மா சொல்றீங்க? நேத்து நாலு மணிக்கு நானே பார்த்து, பிரிண்ட் எடுத்து ஒட்டினேன். ஃபோன்ல கேட்டவங்களுக்கும் அதையேதான் படிச்சுச் சொன்னேன்."

"நீங்க பார்த்தது பழைய பக்கம் சார். உங்க மேல தப்பில்ல." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "பஸ்ல யார்கிட்டயாவது ஃபோன் இருக்கா?"

அந்தக் காலத்தில் கைபேசி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டிரைவரிடம் இல்லை. மாணவர்களிடம் கேட்கவே வேண்டாம்.

"வழியில டீசல் போட வளைவு பங்க்ல நிறுத்துவார்," என்றார் லேப் பொறுப்பாளர். "ரோடு ரெண்டாப் பிரியற இடம். அதைத் தாண்டிட்டா நேரா உங்க ஊர்தான்."

இந்தப் பக்கம் வந்தால் பெரிய வளாகம், பதினெட்டு கிலோமீட்டர். அந்தப் பக்கம் திரும்பினால் ஏரிக் கல்லூரி, நாற்பது நிமிஷம். பஸ் இங்கே வந்துவிட்டுத் திரும்பிப் போனால் பன்னிரண்டு மணிகூட ஆகிவிடும். தேர்வு தொடங்கிக் கால் மணி நேரத்துக்குமேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். அந்தத் தேர்வு வருஷத்துக்கு ஒரு தடவைதான்.

பங்க்குக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. மணி எட்டு ஐம்பத்தெட்டு.

இன்னும் யாராவது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்து, மலைக் கல்லூரித் தொட்டியிலிருந்து பழைய பக்கத்தை அழித்தாள். மறுபடி திறந்தாள். பழைய பக்கமே வந்தது.  தானே கட்டியது தன்னையே பார்த்துப் பல்லை இளித்தது. சின்னத் தொட்டி காலியானதும் அது ஒழுங்காக நடுத்தொட்டியைக் கேட்டிருக்கிறது. நடுத்தொட்டி ஒழுங்காகத் தன் பழைய பிரதியை எடுத்துக் கொடுத்திருக்கிறது. எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. மேலிருந்து கீழே வர வேண்டும். பெரிய தொட்டியில் முதலில் அந்த மூன்று நாள் வரியை நீக்கினாள், பிரதியை அழித்தாள். பிறகு நடுத்தொட்டி. பிறகு மலை. இந்த முறை 'இடமாற்றம்' என்று வந்தது. ஒன்பது ஏழு.

பக்கம் சரியாகிவிட்டது. பஸ் தப்பான ஊரைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தது.

பிளக் அண்ணன் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும், "எது படுத்துடுச்சு?" என்றார்.

"கழட்டாதீங்க, மாட்டுங்க. வளைவு பங்க்குக்குப் போகணும். போற வழியில சொல்றேன்."

கிளம்புமுன் தேர்வு அதிகாரிக்கு மட்டும் ஒரு ஃபோன் செய்தாள். கறாருக்குப் பேர்போன அம்மாள் அவர். அவள் கோர்வையில்லாமல் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "யார் தப்புன்னு அப்புறம் பேசலாம். முதல்ல பஸ்ஸைப் பிடிங்க," என்று வைத்துவிட்டார்.

பின்சீட்டில் உட்கார்ந்து காற்றுக்கு மேல் கத்திக் கத்தி விஷயத்தைச் சொன்னாள். பிளக் அண்ணன் வண்டியை முறுக்கினார். எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் அவள் கழுத்து ஒடியத் திரும்பிப் பார்த்தாள். நீலப் பட்டை போட்ட வெள்ளை பஸ். நீலப் பட்டை. ஒரு பஸ் அப்படித் தெரிந்தபோது கையை ஆட்டினாள். அது ஏதோ தொழிற்சாலை வண்டி. நடுவில் பன்னிரண்டு நிமிஷம் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். லாரியின் பின்பலகையில் எழுதியிருந்ததை அவள் ஐம்பது தடவை படித்திருப்பாள். என்ன எழுதியிருந்தது என்று அப்புறம் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒன்பது ஐம்பதுக்கு பங்க்கை அடைந்தார்கள். டீசல் போடுகிறவர் ஒரு டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "காலேஜ் பஸ்ஸா? இன்னும் வரலையே," என்றார். உள்ளே மேசையில் ஃபோன் இருந்தது. ரிசீவர் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள். "அது அடிக்கும்," என்றார் அவர். "நான் தனி ஆளு, எதை எடுக்கறது?"

பஸ் வரவில்லை. பத்து மணி ஆயிற்று. பத்து ஐந்து. இன்றைக்கென்று வேறு பங்க்கில் டீசல் போட்டிருந்தால்? தாங்கள் லாரிக்குப் பின்னால் இருந்தபோது எதிரே தாண்டிப் போயிருந்தால்? அவள் சாலை ஓரத்துக்கும் ஃபோனுக்கும் நடையாய் நடந்தாள். பிளக் அண்ணன் நடுச்சாலைக்கே போய், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

பத்து எட்டுக்கு வளைவில் நீலப் பட்டை தெரிந்தது.

அவர் ஹெல்மெட்டை ஆட்டிய ஆட்டலில் டிரைவர் பிரேக்கை மிதித்தேவிட்டார். "என்னய்யா, சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" என்று தலையை நீட்டினார். அவள் ஓடிப்போய்ப் படியில் ஏறினாள். முப்பது சொச்சம் முகங்கள், மடியில் வெள்ளைக் கோட்டுகள். மூச்சிரைக்கச் சொன்னாள். பஸ் முழுக்க ஒரே கூச்சல். டிரைவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏரிக் கல்லூரி எனக்குத் தெரியும். பதினொண்ணுக்குள்ள கொண்டுபோய் விடறேன். டீசல் திரும்பி வர்றப்பப் போட்டுக்கறேன். எல்லாரும் உட்காருங்க, வாயை மூடுங்க."

அவள் கண்கள் இருக்கை இருக்கையாகத் தேடின. "எங்க அண்ணி... நாற்பது வயசுக்குமேல ஒருத்தங்க உங்க வகுப்புல..."

முன்சீட்டில் இருந்த பெண் சொன்னாள்: "அந்த அக்கா பஸ்ல வரலையே. படிப்பு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனாங்க. அங்கிருந்து நேரா பெரிய காம்பஸ்க்கு வந்துடறேன்னு நேத்து சாருக்கு ஃபோன் பண்ணிச் சொன்னாங்களாம்."

பஸ் திரும்பி அந்தப் பக்கச் சாலையில் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தொரு பேர் தப்பித்தார்கள். அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. பங்க் ஃபோனிலிருந்து அண்ணன் வீட்டுக்குச் செய்தாள். "அவ அஞ்சரை ரயிலுக்கே போயிட்டாளே," என்றான் அண்ணன். "ஏன், என்னாச்சு?" அப்புறம் சொல்கிறேன் என்று வைத்தாள். காம்பஸ் வாசல் காவலாளிக்குச் செய்தாள். "எத்தனையோ பேர் வர்றாங்கம்மா, எந்த அண்ணின்னு நான் கண்டேன்?" என்றார் அவர்.

திரும்பி வந்து சேர்ந்தபோது பத்து ஐம்பது. வேதியியல் கட்டடத்தின் படிக்கட்டில், ஈரமில்லாத ஒரே படியாகப் பார்த்து, அண்ணி உட்கார்ந்திருந்தார். மடியில் மடித்த வெள்ளைக் கோட்டு, அதன்மேல் அனுமதிச்சீட்டு. பின்னால் கதவில் அந்தத் தாள். துடைப்பக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "பத்தரைக்கு வந்து, கதவுல இருக்கறதைப் படிச்சேன். வண்டி தேடினேன். ஏரிக் கல்லூரிக்கு இங்கிருந்து ஒண்ணேகால் மணி நேரமாம். பன்னெண்டுக்குப் போய் என்ன பண்றது? அதான் உட்கார்ந்துட்டேன்." குரலில் கோபமில்லை. அதுதான் அவளைக் கொன்றது. "நேத்து சாயங்காலம்கூட ஃபோன் பண்ணிக் கேட்டேனே. வெப்சைட்ல இங்கதான்னு இருக்குன்னு அந்த சார் படிச்சுச் சொன்னார். நீ சொன்னதைத்தான் கேட்டேன்."

"அண்ணி, தப்பு என்னோடது." நின்றுகொண்டே சொன்னாள், உட்காரத் தைரியம் வரவில்லை. "பழைய பக்கத்தை மூணு நாள் அப்படியே வச்சிருன்னு நான்தான் சர்வருக்கு எழுதி வச்சேன். எடுக்க மறந்துட்டேன். அந்த சார் மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் இல்ல."

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தார். "மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்."

அந்தச் சொல்லைத் தானே சொல்லிக் கேட்டபோது காது சுட்டது. ஒரு மாத்திரையை, ஒரு வேளையை மறந்ததாகக்கூட நிரூபணமில்லாத ஒருவரை, ஊர் கேட்க அவள் நிற்கவைத்திருக்கிறாள். "அண்ணி, அன்னைக்கு அம்மா விஷயத்துல நான் கேட்டது..."

"அதை இப்ப எடுக்காத." அண்ணி எழுந்து கோட்டை உதறினார். "அதை நின்னு நிதானமாப் பேசணும். இப்பப் பரீட்சை போயிட்டிருக்கு. ஏதாவது பண்ண முடியுமா, முடியாதா? அதைச் சொல்லு."

தேர்வு அலுவலகத்துக்கு இருவரும் நடந்தார்கள், நடந்தார்கள் என்ன, ஓடினார்கள். அண்ணியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். தேர்வு அதிகாரி ஃபோனில் இருந்தார். கையால் நாற்காலியைக் காட்டினார். "முப்பத்தொரு பேரும் வந்துட்டாங்களாம்," என்று ரிசீவரை வைத்தார். "ஒருத்தர் பாக்கி."

"அவங்களை மத்தியானம் எழுதவிட முடியுமா மேடம்?"

"பரிசோதகர் நாலரை வரைக்கும் அங்கதான் இருப்பார். ரெண்டு மணிக்குத் தனியா ஒருத்தரை வச்சு நடத்தலாம். ஆனா வராதவருக்கு நான் இஷ்டத்துக்கு இரண்டாம் வாய்ப்பு கொடுக்க முடியாது. தாமதம் தேர்வாளரால வரல, பல்கலைக்கழகத்தோட பிழையால வந்ததுன்னு பொறுப்பானவங்க எழுத்துல கொடுக்கணும். என்ன பிழை, யார் பிழைன்னு தெளிவா. மழுப்பலா எழுதினா நாளைக்கு யாராவது கேட்டு இவங்க தேர்வே செல்லாமப் போயிடும்." ஒரு வெள்ளைத் தாளை முன்னால் தள்ளினார்.

அவள் பேனாவைத் திறந்தபோது இயக்குநர் உள்ளே வந்தார். காவலாளி சொல்லியோ, காற்று சொல்லியோ, விஷயம் அவருக்குப் போயிருந்தது. தேர்வு அதிகாரியைப் பார்த்து ஒரு வணக்கம் போட்டுவிட்டு, அவள் பக்கம் குனிந்தார்.

"மலைக் கல்லூரியில மின்தடைன்னு எழுதுங்க. அங்க கரண்ட் போறது ஊருக்கே தெரியும். சர்வர் புதுப்பிக்கலன்னு எழுதினாப் போதும்."

"அங்க கரண்ட் போகலையே சார்."

"அடுத்த வாரம் குழு வருது. எட்டு மாச உழைப்பு உங்களுக்கு வேணுமா வேண்டாமா? இந்தத் தாள் அவங்க கையில கிடைச்சா, திட்டத்தையே மூடிட்டுப் போங்கன்னு சொல்லிடுவாங்க."

 அவர் சொன்னது பொய்யில்லை, மூடினாலும் மூடிவிடுவார்கள். மலைக் கல்லூரியின் சர்வர், அந்த ஆடும் மேசை, பிளக் அண்ணனின் முதுகுவலி எல்லாம் கண்முன் வந்தன. மின்தடை என்று எழுதினால் யாரைக் கேட்பார்கள்? மூன்றாம் மாடி லேப் பொறுப்பாளரைக் கேட்பார்கள். நேற்று நாலு மணிக்குக் கண்ணால் பார்த்துப் பிரிண்ட் எடுத்து ஒட்டியவரை. மின்தடையில் எப்படிய்யா பிரிண்ட் எடுத்தாய் என்பார்கள். அதற்கப்புறம் அண்ணியின் தேர்வையும் கிளறுவார்கள்.

கதவிடுக்கில் அண்ணியின் செருப்பு நுனி தெரிந்தது. பெருவிரல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

"எப்படின்னு உங்களுக்குச் சொல்ல வேண்டாம்னு சொன்னீங்க சார்," என்றாள். "அதையும் நான் எழுதப்போறதில்ல. என் வரியை மட்டும் எழுதறேன்."

எழுதினாள். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு, என்ன வரி, எந்தெந்தச் சர்வரில், யாரிடமும் சொல்லாமல், எடுக்க மறந்தது. கையெழுத்துப் போட்டாள். இயக்குநர் வெளியேறினார். தேர்வு அதிகாரி இரண்டு தடவை படித்தார், முத்திரை குத்தினார், அனுமதிக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். "இதை நீங்க எழுதுவீங்கன்னு நான் நினைக்கல," என்றார். புகழ்ச்சியா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

பிளக் அண்ணன் வண்டியைத் துடைத்து வைத்துக்கொண்டு நின்றார். "சர்வரையே நோகாமக் கொண்டுபோயிருக்கேன்மா, உட்காருங்க," என்றார் அண்ணியிடம். அண்ணி பைக்கில் பின்னால் உட்கார்ந்து, கோட்டையும் கடிதத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "போர்வை சுத்துவீங்களோ?" என்று கேட்டார். அந்த நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை.

அவளால் கூடப் போக முடியவில்லை. மீதிப் பதிமூன்று கல்லூரிகளிலும் அந்த வரி இன்னும் உயிரோடு இருந்தது. வெள்ளிக்கிழமைத் தேர்வு இருந்தது. ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே கழுவிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஃபோன் செய்து, "திரையில என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுங்க," என்று கேட்டாள். ஏரிக் கல்லூரி, ஏரிக் கல்லூரி, ஏரிக் கல்லூரி. பதிமூன்று தடவை கேட்டும் போதவில்லை. இரண்டு மணி ஆயிற்று. போய்ச் சேர்ந்தார்களா? வண்டி வழியில் நின்றிருந்தால்? ஃபோன் மணி அடித்த ஒவ்வொரு தடவையும் பாய்ந்து எடுத்தாள். நாலு மணி. நாலரை.

ஐந்துக்கு ஃபோன் வந்தது. அண்ணியேதான்.

"முடிச்சுட்டேன். ரத்த சாம்பிள் ஒண்ணு தெளிவாத் தெரிஞ்சுது. இன்னொண்ணுதான் சொதப்பல்." பின்னால் பிளக் அண்ணன் ஏதோ சொல்வது கேட்டது. "உங்க பிளக் அண்ணன் வழியெல்லாம் உன் வேலையைப் பத்தித்தான் பேசிட்டு வந்தார். எனக்கு ஒரு எழவும் புரியல. நீ சாப்பிட்டியா?"

காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "இல்ல அண்ணி," என்றாள். 

"ஞாயித்துக்கிழமை வா. அன்னைக்குப் பேசலாம். உங்கண்ணன் பக்கத்துல வேண்டாம், அவர் நடுவுல புகுந்து சமாதானம் பண்றேன்னு காரியத்தைக் கெடுப்பார்."

ஞாயிற்றுக்கிழமை போனாள். பேசினார்கள். அது இரண்டு பேருக்குள் நடந்தது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசினார்கள் என்றும், வெளியே வந்தபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தது என்றும் அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

விசாரணை நடந்தது. அவளுக்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது. குழுவுக்கு முன்னால் திட்டத்தை விளக்கும் பொறுப்பை இயக்குநர் அவளிடமிருந்து எடுத்துத் தானே வைத்துக்கொண்டார். குழுவில் ஒருவர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டனுப்பி, அரை மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார். திட்டம் மூடப்படவில்லை. தேர்வுப் பக்கங்களை எந்தத் தொட்டியும் இனி வைத்துக்கொள்ளக் கூடாது, கிழட்டு இயந்திரத்துக்குப் பதில் புதியது வாங்க வேண்டும், எந்தப் புது வரியையும் இரண்டு பேர் குறிப்பேட்டில் கையெழுத்திட்டபின்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இரண்டாவது கையெழுத்து பிளக் அண்ணனுடையது. "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதே," என்றார் அவர். "தெரியாதவருக்குப் புரியற மாதிரி சொன்னாத்தான் கையெழுத்து," என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள் அவள்.

இரண்டு மாதம் கழித்து முடிவுகள் வந்தன. வெப்சைட்டில் காலை பத்து மணிக்கே போட்டுவிட்டார்கள். அவள் திறந்து பார்த்தாள், நம்பிக்கை வரவில்லை. படியிறங்கி, தேர்வு அலுவலகப் பலகைவரை நடந்துபோய், ஒட்டிய தாளில் விரலை வைத்து எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு வந்துதான் அண்ணிக்கு ஃபோன் செய்தாள்.

"செய்முறையில நல்ல மார்க் அண்ணி. ஆனா..." சொல்லத் தயங்கினாள். "நுண்ணுயிரியல் தாள் போயிடுச்சு. ரெண்டு மார்க்குல."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. அவள் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு மார்க்கா?" என்றார் அண்ணி. "அதுக்கும் உன் சர்வர்தான் காரணம்னு ஒரு லெட்டர் எழுதித் தர முடியுமா?"